ஒரு முனகலின் விலை 5,900 ரிங்கிட்

பழைய ஸ்போர்ட்ஸ் காடி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாக் கடை முன்னால் கூடினால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். கார்புரேட்டர், பாலிஷ் போட்ட வால்வு கவர், புதுப் பெயிண்ட் என்று செலவழித்த காசெல்லாம் அங்கே பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். காடியின் பின்பக்கம் குனிந்து பார்க்கிறவர் யாரும் இல்லை. அங்கே, இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில், சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். அதற்குள் இருப்பதுதான் டிப்ரன்ஷியல். அதைச் சுத்தமாகப் பிரித்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும், தே தாரிக் ஆறிவிடும்.

இந்த வருடம் அந்தக் கேள்வி என் அக்கா வீட்டுக்குள் வந்தது. அத்தானிடம் 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா ஓட்டிய காடி. அப்பா போன பிறகு விற்க மனம் வராமல் வைத்துக்கொண்டார். அது கொஞ்ச நாளாக ஓடும்போது பின்னாலிருந்து முனகிக்கொண்டிருந்தது. இரண்டு பட்டறைகளில் விலை கேட்டார். ஒருவர், “1,700 ரிங்கிட், காலையில விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்” என்றார். இன்னொருவர் 5,900 சொன்னார், இரண்டு வாரம் ஆகும் என்றார். பல் சக்கரங்களையும் மாற்ற வேண்டி வந்தால் மேலும் மூவாயிரம் கூடும் என்று எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார்.

அக்காதான் வீட்டின் நிதி அமைச்சர். எனக்கு அழைத்தார். “தம்பி, நீதான் ரேடியோல எல்லாத்துக்கும் பதில் சொல்றியே, இதுக்குச் சொல்லு. ஒரே சாமானுக்கு ஒருத்தன் 1,700 கேட்கிறான், ஒருத்தர் ஆறாயிரம் கேட்கிறார். யாரு நம்மள ஏமாத்துறது?”

நியாயமான கேள்வி. ஆறாயிரம் ரிங்கிட் என்பது அந்த வீட்டில் தீபாவளிச் செலவும், பெரியவனின் ஒரு வருட டியூஷனும் சேர்ந்த தொகை.

பதிலுக்குப் போகுமுன் அந்த இரும்பு உருண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். காடி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேயும். இரண்டும் தத்தம் வேகத்தில் சுற்ற வழிவிடுவது டிப்ரன்ஷியல். முன்னாலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் வேலையும் அதே கூட்டுக்குள்தான் நடக்கிறது. அதைச் செய்பவை இரண்டு: பினியன் என்ற சின்னப் பல் சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல் சக்கரம்.

எம்ஜிபியில் பினியனுக்கு 11 பல், கிரவுன் வீலுக்கு 43 பல். இந்த இரண்டு எண்களையும் பொதுவாக வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறில்லை. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் கிரவுன் வீலின் எல்லாப் பற்களையும் ஒரு சுற்று சந்தித்துவிடும். ஐம்பது வருடம் இப்படி உரசி உரசி அவை ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். தொழிற்சாலையிலேயே இரண்டையும் ஜோடியாக உரசவிட்டு, ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விலை விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முனகல் உண்மையில் டிப்ரன்ஷியலிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். என் பிழைப்பே காதில்தான். ஒலிப்பதிவில் எங்கோ ஓர் ஏர்கான் ரீங்காரம் இருந்தாலும் தேடிப் பிடித்துக் களைகிற வேலை. ஒரு மைக்கைப் பஞ்சில் சுற்றி, எம்ஜிபியின் பின்பக்கச் சாமான் தட்டில், ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினோம். அத்தான் மணிக்கு 90 கிலோமீட்டரில் நிதானமாக ஓட்டினார்.

கணக்கு எளிது. 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அந்தக் காடியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 13 சுற்றுக்குச் சற்று மேல். அதை 43 பல்லால் பெருக்கினால் 565க்கு அருகில் வரும். பற்கள் மோதுகிற சத்தமாக இருந்தால் 565 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முனை தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவில் தென்னை மரம் மாதிரி ஒன்று நின்றது, சரியாக அந்த இடத்தில். கியரை மாற்றினாலும் ஒரே வேகத்தில் அது நகரவில்லை, அதனால் என்ஜினும் கியர்பாக்ஸும் விடுதலை. ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் உயர்ந்தது, எடுத்தால் தாழ்ந்தது. அதற்கும் கீழே, கரகரவென்று, கூழாங்கல்லை உருட்டுவது போல் இன்னொரு சத்தமும் ஓயாமல் இருந்தது.

உங்களுக்கு மைக்கும் கணினியும் தேவையில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் மெதுவாக வளைத்து ஓட்டும்போது சத்தம் மாறினால் பெரும்பாலும் அது சக்கர பேரிங். வேறு சாலையில் ஓட்டும்போது மாறினால் டயர். காலை வைத்து எடுக்கும் கணத்தில் மட்டும் ‘டங்’ என்று ஒரு தட்டு கேட்டால் யூ ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது டிப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன வாஷர்கள் தேய்ந்திருக்கலாம். எம்ஜிபியில் அந்த வாஷர்கள் தேய்வது பேர்போன விஷயம். அவற்றைப் பினியனைத் தொடாமலே மாற்றிவிடலாம், சாமான் விலை ஓர் இரவுச் சாப்பாட்டுக் காசு. ‘டங்’ சத்தத்துக்கு முழு ரீபில்டு செய்ய ஒருவர் உங்களைக் கூப்பிட்டால் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அத்தானின் காடிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 5,900 சொன்னவரைப் பார்க்கப் போனோம்.

கோல சிலாங்கூர் பக்கம் தோட்டப் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவர். டிராக்டர், லாரி, லேண்ட்ரோவர் என்று தோட்டத்தில் ஓடிய எல்லாவற்றின் பின் ஆக்சிலையும் பிரித்துக் கட்டிய கை. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வேலைதான் எடுக்கிறார். உதவிக்கு ஓர் இளைஞர். நான் கேட்கத் தயங்கியதை அவரே ஆரம்பித்தார்.

“1,700க்கும் செய்யலாம் தம்பி. பேரிங்கைக் கழட்டு, புது பேரிங்கை அடி, பழைய ஷிம்மையே போட்டு மூடு. ரெண்டு வாரம் சத்தம் இருக்காது.”

“அப்புறம்?”

“அப்புறம் பல்லு இருக்காது.”

ஷிம் என்பது மெல்லிய எஃகு வளையம். பினியன் கிரவுன் வீலுக்குள் எவ்வளவு ஆழம் போய் உட்கார வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பற்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கும் 0.2க்கும் இடையில், அதாவது ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். பேரிங் செய்யும் கம்பெனிகள் அகலத்தில் சிறு வேறுபாட்டை அனுமதிக்கின்றன. சாதாரண இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, இங்கே அந்த வேறுபாடே தலைமுடியைத் தாண்டிவிடலாம். ஆகவே பழைய பேரிங்குக்கு அளந்து போட்ட ஷிம் புது பேரிங்குக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஐம்பது வருடம் ஒரே இடத்தில் உரசிப் பழகிய பற்கள் புது இடத்தில் உரச ஆரம்பிக்கும். முதலில் முனகும், பிறகு ஓலமிடும், பிறகு பல்லின் மேல்தோல் உரியும்.

அதனால் பெரியவர் என்ன செய்கிறார்? கட்டுகிறார். கிரவுன் வீலின் சில பற்களில் மஞ்சள் நிறப் பசையைப் பூசுகிறார். கையால் சுற்றுகிறார். பினியன் பட்ட இடத்தில் பசை விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிக ஆழத்தில் இருக்கிறது, நுனியில் விழுந்தால் ஆழம் போதவில்லை. நடுவில் விழ வேண்டும். விழாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, ஷிம்மை மாற்றி, மறுபடி கட்டி, மறுபடி பூசி, மறுபடி சுற்ற வேண்டும். அத்தானின் காடிக்கு ஐந்து முறை நடந்தது. ஐந்தாவது முறை தடம் நடுவில் வந்த பிறகும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

புது பேரிங்கை ஒவ்வொரு முறையும் அழுத்தி ஏற்றி இறக்கினால் அது கெட்டுப்போகும். அதற்கு அவரிடம் ஒரு வழி இருக்கிறது. பழைய பிஸ்கட் டின் நிறைய, உள்துளையைச் சற்றே அராவிப் பெரிதாக்கிய பழைய பேரிங்குகள். அவை கையாலேயே ஏறி இறங்கும். அளவு பார்க்கும்வரை அவற்றைப் போட்டுப் பார்த்து, அதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். பார்க்கிறவருக்கு அந்த டின் குப்பை. அதைச் சேர்க்க அவருக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. எம்ஜிபியின் பினியனில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கக்கூடிய ஒரு குழாய் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, பேரிங்குகளுக்குச் சரியான அழுத்தம் கிடைக்கும். அளவைத் தாண்டி நசுக்கிவிட்டால் திரும்ப நிமிராது, புதுக் குழாய் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆயில் சீல் ஒழுகுகிறது என்று கொண்டுபோகும் காடியை, காற்றுத் துப்பாக்கியால் ஒரே ‘டர்ர்’ரில் நட்டை இறுக்கி அனுப்பும் பட்டறைகள் உண்டு. ஒழுகல் நின்றிருக்கும். பேரிங் சில மாதத்தில் வெந்திருக்கும். அத்தானின் காடிக்கு இரண்டு வருடம் முன்பு வேறொரு பட்டறையில் சீல் மாற்றியது அக்காவின் ரசீதுக் கோப்பில் இருந்தது. அதனால்தான் வந்தது என்று நிரூபிக்க வழியில்லை. பெரியவர் ரசீதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அக்கா கேட்ட கணக்கு. சாமான் 2,000: பினியனுக்கு இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என நான்கு நல்ல பேரிங், வாஷர், சீல், நசுங்கும் குழாய், ஷிம் வகைகள். இங்கிலாந்திலிருந்து வர அனுப்புக் கூலியும் வரியும் 500. கழுவிச் சுத்தம் செய்ய 200. ஆயிலும் சில்லறையும் 200. மீதி 3,000 கூலி: ஐந்து நாள், நாளுக்கு 600, உதவியாளர் சேர்த்து. பாதிக்கு மேல் அளப்பதற்கான காசு. அளந்த பிறகு பார்த்தால் காடியில் புதிதாக ஒன்றும் தெரியாது. பெயிண்டுக்கு இதே காசைக் கொடுத்தால் தெரு முழுக்கப் பார்க்கும்.

“பெட்டியோட இங்கிலாந்திலேருந்து கட்டி முடிச்சதையே வாங்கிட்டா என்ன?” என்று அக்கா கேட்டார். கேட்க வேண்டியதுதான். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட காடி, சாமானுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் 1971ஆம் ஆண்டுக் காடியில் பல் சக்கரங்கள் ஆக்சில் கூட்டோடு சேர்ந்தே இருக்கின்றன. நடுப்பகுதியை மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டு மாற்றிக்கொள்ள முடியாது. முழு ஆக்சிலும் கப்பலேற வேண்டும், பழையதும் திரும்பிப் போக வேண்டும். எம்ஜிபியின் ஆரம்ப கால ரோட்ஸ்டர்களில் இருந்த ஆக்சில் வேறு வகை, அதில் நடுப்பகுதி தனியாகக் கழன்று வரும். ஒரே பெயர்ப் பலகை, இரண்டு கணக்கு.

மற்ற காடிகளுக்கும் இப்படித்தான், உள்ளே இருக்கும் இரும்பைவிட அதை எட்டும் வழிதான் விலையை ஏற்றி இறக்குகிறது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்தில் இல்லை, டிப்ரன்ஷியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரு கூண்டுக்குள். அந்தக் கூண்டையே கீழே இறக்க வேண்டும், இறக்கிய பிறகு பிரேக்கையும் பார்க்காமல் மூட யாருக்கும் மனம் வராது. நம் இளைஞர்கள் ‘இனிஷியல் டி’ பார்த்துக் காதலித்த டொயோட்டா ஏஇ86இல் நிலைமை தலைகீழ். பக்கத்துத் தண்டுகளை இழுத்துவிட்டால் நடுப்பகுதி முன்பக்கமாகக் கழன்று மேசைக்கு வந்துவிடும். வேலை சுலபம், காடியின் விலைதான் சுலபமாக இல்லை.

எல்லாரும் 5,900 கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெறும் முனகல், கரகரப்பு இல்லை, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் பல வருடம் அப்படியே ஓட்டலாம். ஜப்பான் காடி என்றால் ஹாப்கட் கடையில் சத்தமில்லாத ஆக்சில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது வெட்கப்பட வேண்டிய வழி இல்லை. கரகரப்பு வேறு. பேரிங் ஆட ஆரம்பித்தால் பினியன் இடம் மாறும், பினியன் இடம் மாறினால் பற்கள் போகும், நெடுஞ்சாலையில் பல் உடைந்து நடுவில் சிக்கினால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். அந்தக் காடியில் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பின்னால் உட்காருகிறார்கள். அதைச் சொன்ன பிறகு அக்கா தொகையைப் பற்றிப் பேசவில்லை, தவணையைப் பற்றிப் பேசினார்.

“வித்தா இந்தக் காசு திரும்பி வருமா?” என்று மட்டும் கேட்டார். வராது. அமைதியான ஆக்சிலுக்கு யாரும் கூடுதல் கொடுப்பதில்லை, முனகும் ஆக்சிலுக்கு மட்டும் தவறாமல் குறைத்துக் கேட்பார்கள்.

முதல் நாள் பின்மூடியைத் திறந்தபோது நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம். பெரியவர் ஆயிலை வடித்து, அதில் காந்தத்தை ஓட்டினார். வெள்ளி நிறத்தில் சேறு மாதிரி ஒட்டியது, துண்டுகள் இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார், 43ஐயும். “தப்பிச்சீங்க” என்றார் அத்தானிடம். மூவாயிரம் மிச்சம். இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருந்தால் மிஞ்சியிருக்காது என்றும் சொன்னார்.

நீங்கள் இந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால் விலைக்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். பசைத் தடத்தைப் படம் எடுத்துத் தருவார்களா, இடைவெளி அளவை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். “தர்றேன்” என்று யோசிக்காமல் சொல்கிறவரிடம் அளக்கும் டயல் கேஜ் இருக்கிறது என்று அர்த்தம். சிரிக்கிறவரிடம் சுத்தியல் மட்டும் இருக்கலாம். கழற்றிய பழைய பேரிங்குகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அத்தான் கேட்டார், பெரியவர் மூன்றை மட்டும் கொடுத்தார். நான்காவது டின்னுக்குப் போய்விட்டது.

முதல் சில நூறு கிலோமீட்டர் அதிக வேகமோ பாரமோ இல்லாமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றச் சொல்லியிருக்கிறார். 400 தாண்டியதும் மறுபடி மைக்கை வைத்துப் பார்த்தேன். கரகரப்பு அறவே இல்லை. 565இல் அந்தத் தென்னை மரம் இன்னும் இருக்கிறது, ஆனால் வாழைக்கன்று உயரத்துக்கு. பற்கள் பழையவைதானே, முழு மௌனம் வராது என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் 90இல் எங்கள் நிலையத்தின் காலை நிகழ்ச்சி தெளிவாகக் கேட்கிறது.

பின்பக்கம் அடங்கியதும் கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று அத்தான் போன வாரம் என்னிடம் சொன்னார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையாம். இந்தப் பத்திரிகையை அக்கா ஞாயிறு தவறாமல் படிப்பார் என்பது அவருக்கும் தெரியும்.